எந்த நாளில் எந்தத் தாள்? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை அறிவோம்

"ஊரில் 144 போட்டிருக்கிறார்கள்" என்றால் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் புரியும். கூட்டம் கூடக் கூடாது, ஊர்வலம் போகக் கூடாது, கடைத்தெருவில் போலீஸ் நிற்கும். 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அந்த எண்தான், 1973-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த எண்தான். தலைமுறை தலைமுறையாகப் புழங்கி, எண்ணே ஒரு சொல்லாகிவிட்டது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1 முதல் அந்தத் தடை உத்தரவு பிரிவு 163-க்குப் போய்விட்டது. இப்போது 144-ஆம் பிரிவைத் திறந்தால் அங்கே ஜீவனாம்சம் இருக்கிறது. கைவிடப்பட்ட மனைவியும் பிள்ளைகளும் வயதான பெற்றோரும் பராமரிப்புத் தொகை கேட்கும் பிரிவு அது. முன்பு அது 125.

வழக்கறிஞர்களான எங்களுக்கே முதல் சில மாதங்கள் தடுமாற்றமாகத்தான் இருந்தது. முன்ஜாமீன் என்றால் 438, வழக்கை ரத்து செய்யக் கோருவது 482 என்று வாய்க்குப் பழகியிருந்தது. இப்போது முன்ஜாமீன் 482. ரத்து மனு 528. "482 போட்டிருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், பழைய 482-ஆ புதிய 482-ஆ என்று திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

எண்களைப் பழகிக்கொள்ளலாம். உள்ளே மாறியிருப்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளாக மாஜிஸ்திரேட் நீதிமன்ற வாசலில் நிற்கிறேன். இல்லாதப்பட்டவர்கள் பெரும்பாலும் தோற்பது நடைமுறையில்தான். எந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள், எத்தனை நாளுக்குள் என்பது தெரியாததால் கையில் இருந்த உரிமையை இழந்தவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்தக் கட்டுரையை அவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. திருடுவது குற்றம், அதற்கு இத்தனை ஆண்டு சிறை என்று சொல்வது ஒரு சட்டம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதா. திருடியதாகச் சந்தேகிக்கப்படுபவரின் வீட்டுக் கதவை யார், எப்போது, என்ன தாளோடு தட்டலாம், பிடித்த பிறகு எத்தனை நாள் வைத்திருக்கலாம், யார் முன்னால் நிறுத்த வேண்டும் என்று சொல்வது வேறொரு சட்டம். அதுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதன் புதிய பெயர் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா; சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். நீதிமன்றத்தில் எதை எப்படி நிரூபிப்பது என்பதற்கு மூன்றாவதாக ஒரு சாட்சியச் சட்டம் உண்டு. மூன்றும் 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. பெயர்கள் இந்தியில் இருப்பதை எதிர்த்தும், போதிய விவாதம் இல்லாமல் கொண்டுவந்ததை எதிர்த்தும் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் போராடினார்கள். சட்டங்கள் நடைமுறைக்கு வந்த அதே மாதத்தில், மாநில அளவில் என்ன திருத்தங்கள் தேவை என்று ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் தமிழ்நாடு அரசு ஒரு நபர் குழு அமைத்தது.

வெள்ளைக்காரன் சட்டத்தை மாற்றிவிட்டோம் என்ற பேச்சை நிறையக் கேட்டிருப்பீர்கள். தண்டனைச் சட்டம் 1860-ஐச் சேர்ந்தது என்பதால் அதற்கு அந்தப் பேச்சு பொருந்தும். நடைமுறைச் சட்டம் 1973-இல் சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் இயற்றியது. 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் 484 பிரிவுகள். புதியதில் 531. பழைய வாசகங்களில் பெரும்பகுதி அப்படியே தொடர்கிறது. ஆகவே எல்லாமே தலைகீழாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். மாறிய சில இடங்கள்தான் நம் வாழ்க்கையைத் தொடுபவை.

புகாரும் எஃப்.ஐ.ஆரும்

பூ விற்கும் ஓர் அம்மா என்னிடம் வந்தார். பஸ்ஸில் ஏறும் நெரிசலில் அவர் கழுத்திலிருந்த இரண்டரைப் பவுன் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். "எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள் சார்" என்று, முந்தானையில் முடிந்து வைத்திருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன். மேலே காவல் நிலையத்தின் பெயர், அடுத்து சி.எஸ்.ஆர். எண், தேதி, அவர் பெயர். புகாரின் சாரம் என்ற இடத்தில் ஒரே வரி: "சங்கிலி காணவில்லை என்று மனு." கீழே முத்திரை, கையெழுத்து. அறுத்துக்கொண்டு ஓடியது "காணவில்லை" ஆகியிருந்தது.

இது தமிழ்நாட்டில் அன்றாடம் நடப்பது. சி.எஸ்.ஆர். ரசீது என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை மட்டுமே. அதை வைத்துப் புலன் விசாரணை தொடங்காது, யாரையும் கைது செய்ய முடியாது, நீதிமன்றத்துக்கு எந்தத் தகவலும் போகாது. முதல் தகவல் அறிக்கை என்றால் அதில் "குற்ற எண்" இருக்கும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும், தகவல் வந்த தேதியும் நேரமும் இருக்கும். இந்த மூன்றையும் உங்கள் கையில் உள்ள தாளில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அது எஃப்.ஐ.ஆர். இல்லை.

பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரே காட்டினால் எஃப்.ஐ.ஆர். பதிந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. புதிய சட்டத்தின் பிரிவு 173 இதில் ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் முன் அனுமதி பெற்று, 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்த்துவிட்டு எஃப்.ஐ.ஆர். பதியலாம். சங்கிலிப் பறிப்புக்கு நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவில் அதிகபட்சம் மூன்று ஆண்டு. எனவே அந்த அம்மாவின் வழக்கும் இந்த வாசலுக்குள் வரும்.

இது நல்லதா கெட்டதா? எனக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது. பேச்சுக்காகவும் எழுத்துக்காகவும் எடுத்த எடுப்பில் வழக்குப் போட்டு மனிதர்களை அலைக்கழிப்பதைத் தடுக்க இந்தப் பதினான்கு நாள் உதவும். 2025 மார்ச்சில், ஒரு கவிதையைப் பகிர்ந்ததற்காக மாநிலங்களவை உறுப்பினர் இம்ரான் பிரதாப்கரி மீது குஜராத்தில் போடப்பட்ட வழக்கை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இந்த முதற்கட்ட விசாரணையின் அருமையை எடுத்துச் சொன்னது. ஆனால் சங்கிலி பறிகொடுத்தவருக்குப் பதினான்கு நாள் என்பது நகை உருகிப் போகும் காலம். அதனால் நான் சொல்வது இதுதான்: "விசாரித்துவிட்டுப் பதிகிறோம்" என்று நிலையத்தில் சொன்னால், டி.எஸ்.பி. அனுமதி வாங்கப்பட்டதா என்று பணிவாகக் கேளுங்கள்; பதினான்காம் நாள் எந்தத் தேதியில் வருகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாண வாக்குமூலத்தோடு மனுப் போடலாம். எஸ்.பி.க்கு அனுப்பாமல் நேரே நீதிமன்றத்துக்குப் போனால் மனு நிற்காது. இந்த ஒரு ரசீது இல்லாததால் திரும்பிப் போனவர்கள் ஏராளம்.

இன்னொரு மாற்றத்தை மனதார வரவேற்கிறேன். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்பது இப்போது சட்டத்தின் வாசகமாகவே இருக்கிறது. மதுரை மாட்டுத்தாவணியில் பறிகொடுத்தது விருதுநகரில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது என்றால், "இது எங்கள் லிமிட் இல்லை" என்று விருதுநகரில் திருப்பி அனுப்ப முடியாது. அங்கேயே பதிந்து, உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று செய்திகளில் வருவது இதுதான். டெல்லி மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி வர்மா குழு 2013-இல் வற்புறுத்திய விஷயம் இது. சுற்றறிக்கைகளில் இருந்தது இப்போது சட்டத்துக்குள் வந்துவிட்டது.

மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம். ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே பதிவு. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். முன்பு தகவல் கொடுத்தவருக்கு மட்டும் என்றிருந்தது, இப்போது பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு.

ஒரு பள்ளமும் இருக்கிறது. திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் அது இப்போது போலீஸ் தானாகப் புலன் விசாரணை செய்யக்கூடிய குற்றமாக இல்லை. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். தள்ளுவண்டிக்காரரின் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கைப்பேசியில்தான் அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அதைத் தேடித்தர நீதிமன்றப் படி ஏற வேண்டும் என்றால் அவர் ஒரு நாள் வியாபாரத்தை விட வேண்டும். சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கைது செய்யும்போது

கைது என்றதும் விலங்கு, ஜீப், லாக்கப் என்றுதான் மனத்தில் ஓடும். சட்டம் அப்படித் தொடங்கவில்லை. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தேவைதானா என்று காரணத்தை எழுதிப் பார்க்க வேண்டும். தேவையில்லை என்றால், இன்ன நாளில் வந்து விசாரணைக்கு நில்லுங்கள் என்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் 41ஏ. புதியதில் பிரிவு 35. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. எனவே கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்துக் குலைநடுங்க வேண்டாம். தாளாகக் கையில் வரட்டும். வந்த பிறகு போகாமல் இருந்துவிடாதீர்கள். நோட்டீஸை மதித்து ஒழுங்காகப் போய் வருகிறவரைக் கைது செய்ய வேண்டுமென்றால், அதற்குத் தனிக் காரணத்தை எழுதியாக வேண்டும்.

மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம், ஆள் 60 வயதைத் தாண்டியவர் அல்லது உடல் தளர்ந்தவர் என்றால், டி.எஸ்.பி.யின் முன் அனுமதி இல்லாமல் கைது கூடாது. இது புதியது. சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று நிலையத்துக்குக் கூப்பிடுவதிலும் ஒரு வரம்பு உண்டு. பெண்கள், 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். பிரிவு 179. அவர்களாக விரும்பினால் நிலையத்துக்குப் போகலாம்.

கைது நடந்துவிட்டது என்றால் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது. இந்தக் குறிப்பில் நான் முதலில் பார்ப்பது நேரத்தை. காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கூட்டிப்போயிருப்பார்கள். தாளில் மாலை ஐந்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்ததாக இருக்கும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற அரசியல் சாசனத்தின் 22-ஆவது கூறு, அந்த முதல் நிமிடத்திலிருந்துதான் எண்ணப்படுகிறது. ஆகவே வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, கூட்டிப்போன நேரத்தைக் குறித்து வைப்பது. முடிந்தால் உடனே எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு தந்தி போல மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அதில் பதிவாகும் நேரத்தை யாராலும் மாற்ற முடியாது.

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது பழைய விதி. வாயால் சொன்னோம் என்று எழுதிவிட்டால் போதும் என்ற நிலை இருந்தது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எந்தக் குற்றமானாலும் காரணத்தை அந்த நபருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும், உடனே முடியாத சூழலில்கூட ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட்டிடம், கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது கொடுத்தாக வேண்டும் என்றது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் அது போதாது.

கைவிலங்குக்கு இப்போது சட்டத்திலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். கொலை, பாலியல் வன்முறை, பயங்கரவாதம், போதைப்பொருள் போன்ற குற்றங்களிலும், தொடர் குற்றவாளிகளுக்கும், காவலிலிருந்து தப்பியவர்களுக்கும் பூட்டலாம். 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கைவிலங்கு பூட்டுவதே மனிதத்தன்மையற்றது என்று எழுதிய தீர்ப்பைப் படித்து வளர்ந்தவன் நான். இந்தப் பிரிவை வாசிக்கும்போது மனம் ஒப்பவில்லை. பூட்டலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, பூட்டியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை நீதிமன்றத்தில் ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

பதினைந்து நாள்

புதிய சட்டத்தில் எனக்கு அதிகக் கவலை தரும் இடம் பிரிவு 187. பழைய எண் 167. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்திய பிறகு இரண்டு வகைக் காவல் உண்டு. ஒன்று நீதிமன்றக் காவல். ஆள் சிறையில் இருப்பார். மற்றது போலீஸ் காவல். "கஸ்டடி எடுப்பது" என்று செய்திகளில் வருவது. அடிதடி, மிரட்டல், வற்புறுத்தி வாங்கும் வாக்குமூலம் எல்லாவற்றுக்கும் ஆபத்து இந்த இரண்டாவதில்தான். அதனால்தான் போலீஸ் காவல் மொத்தம் 15 நாளுக்கு மேல் கூடாது என்று சட்டம் வரையறுத்தது. அதுவும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியதிலிருந்து முதல் 15 நாளுக்குள்தான் என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பதினாறாம் நாள் விடிந்தால், இனி போலீஸ் தொடாது என்று வீட்டார் மூச்சு விடுவார்கள்.

2023 ஆகஸ்டில், அப்போது தமிழ்நாட்டு அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜியின் வழக்கில், இந்தப் பதினைந்து நாளை முழு விசாரணைக் காலத்திலும் பிரித்துப் பிரித்து எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கருதியது. பழைய தீர்ப்பைப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்றும் சொன்னது. புதிய சட்டம் இதை வாசகமாக்கிவிட்டது. புலன் விசாரணைக்கு 60 நாள் கெடு உள்ள வழக்குகளில் முதல் 40 நாளுக்குள்ளும், 90 நாள் கெடு உள்ள வழக்குகளில் முதல் 60 நாளுக்குள்ளும், அந்தப் பதினைந்து நாளை மொத்தமாகவோ தவணை தவணையாகவோ எடுக்கலாம். மொத்தம் பதினைந்துதான், கூடவில்லை. ஆனால் சிறையில் இருப்பவருக்கு முப்பதாம் நாளும் "மறுபடி கூட்டிப்போவார்களோ" என்ற பயம் இருக்கும். ஜாமீன் மனு வரும்போது "இன்னும் கஸ்டடி நாள் மிச்சம் இருக்கிறது" என்று அரசுத் தரப்பு எதிர்க்கவும் இது வசதி. பெரிய பின்புலம் உள்ள குற்றவாளி மருத்துவமனையில் படுத்துக்கொண்டு முதல் பதினைந்து நாளைக் கடத்திவிடுவார் என்று அரசு சொன்ன காரணத்தில் உண்மை இருக்கிறது. அந்த ஒருவருக்காக எழுதிய விதியை, யாருமற்ற நூறு பேர் சுமக்கிறார்கள்.

இதே பிரிவில்தான் குடிமகனுக்கான பெரிய பாதுகாப்பும் இருக்கிறது. மரண தண்டனை, ஆயுள், அல்லது பத்து ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள். மற்றவற்றில் 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால், கேட்டவுடன் ஜாமீன். இதை "மேண்டேட்டரி பெயில்" என்று நீதிமன்ற வளாகத்தில் சொல்வோம். தானாகக் கதவு திறக்காது. அறுபத்தொன்றாம் நாள் காலை மனுப் போட வேண்டும், பிணைதாரர் தயாராக இருக்க வேண்டும். மனுப் போடாமல் இரண்டு நாள் தாமதித்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். கைதானவரின் வீட்டு நாட்காட்டியில் அறுபதாம் நாளையும் தொண்ணூறாம் நாளையும் வட்டமிடச் சொல்வேன். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். செலவில்லாமல் வழக்கறிஞர் கிடைப்பார்.

வழக்கு முடியாமலே ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடப்பவர்களுக்கு பிரிவு 479 வந்திருக்கிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர், தன் மேல் உள்ள குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பழையபடி பாதி. மூன்று ஆண்டுத் திருட்டு வழக்கு என்றால் ஓர் ஆண்டு. அந்த நாள் வந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். கைதி கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டிலேயே தெளிவாக்கியது. ஆனால் மரண தண்டனையோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் இல்லை. இந்தக் கடைசி நிபந்தனை மிகப் பலரை வெளியே தள்ளிவிடுகிறது. ஒரு பைக் திருட்டில் பிடிபட்ட பையன் மேல் பழைய நான்கு வழக்குகளைச் சேர்த்துப் போடுவது எவ்வளவு சுலபம் என்று கீழமை நீதிமன்றத்தில் உழைக்கும் யாரைக் கேட்டாலும் தெரியும்.

கேமராவும் துருப்பிடித்த வண்டிகளும்

வீட்டைச் சோதனையிடுவது, பொருளைக் கைப்பற்றுவது, கைப்பற்றியதைப் பட்டியலிடும் மகஜர் எழுதுவது, சாட்சி கையெழுத்திடுவது எல்லாவற்றையும் வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். பிரிவு 105. கைப்பேசியே போதும். பதிவை உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். மகஜர் சாட்சிகள் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூண்டில் ஏறி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொன்ன எத்தனையோ வழக்குகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒரு பிரிவு ஒழுங்காக நடந்தால் இரு தரப்புக்கும் நன்மை. பொய்யாகப் பொருளை வைத்துவிட்டு எடுப்பதும் நடக்காது, உண்மையாக எடுத்ததை மறுக்கவும் முடியாது. ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர்கள் நிகழ்விடத்துக்கு வர வேண்டும் என்றும் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம்.

எந்தக் காவல் நிலையத்துக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது சுற்றுச்சுவர் ஓரம் குவிந்திருக்கும் பைக்குகள்தான். டயர் மண்ணில் புதைந்து, சீட் கிழிந்து, கொடி படர்ந்து, எண் பலகை மட்டும் தெரியும். யாரோ ஒருவர் வட்டி கட்டி வாங்கிய வண்டி அது. வழக்கு முடியும்வரை சாட்சியப் பொருள் என்று நிற்கிறது. பிரிவு 497 இதற்கு வழி சொல்கிறது. பொருள் நீதிமன்றத்தில் காட்டப்பட்ட 14 நாளுக்குள் விவரப் பட்டியல் எழுத வேண்டும். புகைப்படமோ வீடியோவோ எடுக்க வேண்டும். அந்தப் படமே விசாரணையில் சாட்சியமாகும். படம் எடுத்த 30 நாளுக்குள் பொருளை உரியவரிடம் ஒப்படைக்கவோ வேறு வகையில் தீர்க்கவோ உத்தரவிட வேண்டும். வண்டியோ நகையோ உங்களுடையது என்றால் ஆர்.சி. புத்தகமும் ரசீதும் கொண்டு மனுப் போடுங்கள். இந்தப் பிரிவு எண்ணை மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

கெடுக்கள்

விசாரணை நீதிமன்றத்துக்கும் நிறையக் கெடு வைத்திருக்கிறார்கள். இன்ன குற்றத்துக்கு விசாரணை என்று நீதிமன்றம் குற்றச்சாட்டை வகுப்பது, அதற்கான முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள். வாதம் முடிந்த 30 நாளுக்குள் தீர்ப்பு. காரணம் எழுதி 45 நாள் வரை போகலாம். ஒரு தரப்புக்கு இரண்டு வாய்தாவுக்கு மேல் கூடாது. தப்பி ஓடி, தேடப்படும் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டவரை அவர் இல்லாமலே விசாரித்துத் தண்டிக்கலாம் என்பதும் புதிது.

இவற்றைப் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கூடவே கேளுங்கள்: கெடு தவறினால் என்ன ஆகும்? அறுபது, தொண்ணூறு நாள் தவறினால் சிறைக் கதவு திறக்கிறது; அந்தக் கெடுவுக்குப் பல் இருக்கிறது. தீர்ப்பு முப்பது நாளில் வராவிட்டால் என்ன என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. நீதிபதிப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும்வரை, ஒரே அரசு வழக்கறிஞர் இரண்டு மூன்று நீதிமன்றங்களைப் பார்க்கும்வரை, இந்த எண்கள் விருப்பங்களாகத்தான் இருக்கும்.

இனி, எந்த வழக்குக்கு எந்தச் சட்டம்? 2024 ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்த புலன் விசாரணையும் நீதிமன்ற விசாரணையும் பழைய சட்டப்படியே முடியும். குற்றம் அதற்கு முன்னால் நடந்து, புகார் அதற்குப் பின்னால் வந்திருந்தால் தண்டனைப் பிரிவு பழையது, நடைமுறை புதியது. அதனால் எங்கள் மேசைகளில் இன்னும் பல ஆண்டுகள் இரண்டு புத்தகமும் இருக்கும்.

பூக்கார அம்மாவின் மனுவை எஸ்.பி.க்கு அனுப்பினோம். பன்னிரண்டாம் நாள் எஃப்.ஐ.ஆர். பதிவானது, குற்ற எண், 304-ஆம் பிரிவு, எல்லாம் சரியாக இருந்தன. புலன் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைத் தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 193 சொல்கிறது. எண்பத்தைந்தாம் நாள் வரை ஒன்றும் வரவில்லை. அவரை உட்காரவைத்து, அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். "குற்ற எண் இன்னது. என் சங்கிலி பறிபோன வழக்கின் புலன் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று பிரிவு 193-இன்படி தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." எழுதி முடித்து, இரண்டு முறை வாசித்துப் பார்த்து, நகல் ஒன்று எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனார். ஆறாம் நாள் அவர் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது: கண்காணிப்புக் கேமரா பதிவு பெறப்பட்டுள்ளது, எதிரியைத் தேடி வருகிறோம். ரசீதையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பூக்கூடைக்கு அடியில் வைத்திருக்கிறார்.